மூலப்பிரதி நம் வீட்டில் இருக்கட்டும்

(பறை, கானா, ஒப்பாரிக் கலைஞர்களுக்காக விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஒருநாள் ஒலிப்பதிவுப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இசை படித்தவன் இல்லை. ஒலிப்பொறியியல் படித்தவனும் இல்லை. பத்தாவது முடித்த கையோடு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், திருவிழா என்று பதினாறு வருடம் மரத்துக்கு மரம் ஏறிக் குழாய் கட்டினேன். ஊர்த்தெருக் கோயிலுக்குக் குழாய் கட்டப் போனால் கோபுரத்தின் உச்சி வரைக்கும் ஏறலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்து இறங்கிய பிறகு வாசலுக்கு வெளியே நின்றுதான் கூலி வாங்க வேண்டும். அந்தத் தொழிலில்தான் ஒயர் பிடிக்கவும், ஈயம் வைக்கவும், எந்த மைக் எதைப் பிடிக்கும் என்று காதால் தெரிந்துகொள்ளவும் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஆயா ஒப்பாரிக்குப் பேர் போனவர். சுற்றி எட்டு ஊரில் சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். செத்தவருடைய பெயர், உறவுமுறை, அவர் வளர்த்த மாடு, அடைக்காமல் விட்டுப்போன கடன், அவரை ஏமாற்றியவர்கள் என்று எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். 2009இல் ஆயா இறந்துபோனார். அவர் குரல் ஒரு நிமிடம்கூட என்னிடம் இல்லை. என் கையில் எந்நேரமும் மைக் இருந்தது. கடையில் கேசட்டில் பதிவுசெய்கிற டெக் இருந்தது. ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசியதையெல்லாம் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். ஆயா பாடுவது பதிவு செய்ய வேண்டிய ஒன்று என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. சாவுக்குப் பாடுவது, அதில் என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. ஊர் நினைத்ததை நானும் நினைத்தேன். இன்றைக்கு நான் இங்கே நிற்பதற்கு அந்த வருத்தம்தான் காரணம்.

இரண்டாவது காரணம் ஒரு ஸ்டுடியோ. 2013இல் எங்கள் பறைக் குழு நான்கு பாட்டைப் பதிவு செய்ய நகரத்துக்குப் போனது. பெயர் சொல்ல விரும்பவில்லை. மணிக்கணக்கில் வாடகை. வாசலிலேயே நிறுத்தி, “தோல் சமாச்சாரத்தை உள்ளே கொண்டு வராதீங்க, உள்ளே சாமி படம் இருக்கு” என்றார்கள். பறையை வெளியே வைத்துவிட்டுப் பறைக் குழு உள்ளே போய் உட்கார்ந்தது. கீபோர்டில் இருந்த ஏதோ ஒரு தோல் கருவியின் சத்தத்தைப் போட்டு, “இதுவும் அதே மாதிரிதான் இருக்கும்” என்றார்கள். பாடிய பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கிலீஷில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் எங்களில் இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு நினைவேந்தல் நிகழ்ச்சியில் நாங்களே பாடிய அதே பாட்டை யூடியூபில் ஏற்றினோம். பாட்டு இன்னொருவருக்குச் சொந்தம் என்று உரிமை கோரி அறிவிப்பு வந்தது. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். “நிரந்தரமா, உலகம் முழுக்க எழுதிக் குடுத்திருக்கீங்களே” என்றார். நாலு பாட்டுக்கு எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாயிரம் ரூபாய். ஸ்டுடியோ வாடகை போகக் கையில் நின்றது பஸ் செலவு.

அப்போதுதான் முடிவு செய்தேன். பாட்டு நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, பதிவும் நம் கையில் இருக்க வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அன்றைக்குப் பத்திரிகைகளுக்குப் பஞ்சம் இல்லை. நம் பேச்சுக்குத்தான் அவற்றில் இடம் இல்லை. இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிடச் சொந்தமாக அச்சிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். ஒலி விஷயத்தில் அந்த வேலையை நாம் தாமதமாகத் தொடங்கியிருக்கிறோம். அதற்குச் செலவு ஒரு காரணம். இந்தியாவில் வணிகத்துக்கான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதோடு தொடங்குகிறது என்பார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பதிவுக்கருவி பெரிய கம்பெனிகளிடம்தான் இருந்தது. 1980களில் கேசட் வந்து விலையைக் குறைத்தது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைப் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோன கே.ஏ. குணசேகரன் போன்றவர்களின் குரல் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். இப்போது கேசட்டும் போய், கணினி வந்துவிட்டது. இன்றைக்குச் செலவு என்பது சாக்கு இல்லை. கணக்கோடு சொல்கிறேன்.

வீட்டில் பதிவு செய்தால் தரமாக இருக்காது என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ முழுக்க முழுக்க வீட்டில், நாலு டிராக் கேசட் கருவியில் பதிவானது. மாதிரிக்கு என்று எடுத்த அந்தப் பதிவையே கடைசியில் வெளியிட்டார்கள். 2019இல் வந்த பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் பெரும்பாலும் அவர் அண்ணனின் படுக்கையறையில் உருவானது. மறுவருடம் அதற்கு கிராமி விருது கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குத் தனியறை இருந்தது. ‘ஹோம் ஸ்டுடியோ’ அமைப்பது பற்றி இணையத்தில் ஆயிரம் வீடியோ கிடைக்கும். எல்லாமே “வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தொடங்கும். நம் தெருவில் யார் வீட்டில் அறை சும்மா கிடக்கிறது? என் வீடு அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. பத்துக்குப் பத்தில் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. ஐந்து பேர் இருக்கிறோம். பிள்ளைகள் படிப்பதும், சோறு தின்பதும், படுப்பதும் அந்த ஒரே அறையில்தான். ஸ்டுடியோவுக்குப் பணம் சேர்ப்பதைவிட அறை சேர்ப்பதுதான் நமக்குக் கஷ்டம். அதனால் நான் அந்த அறையின் ஒரு மூலையைத்தான் எடுத்துக்கொண்டேன். அதையும் இரவு பத்து மணிக்கு மேல்.

இனி செலவுக் கணக்கு. என் மனைவி மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த கடன் முப்பதாயிரம். பழைய லேப்டாப் 11,000. மைக்கையும் கணினியையும் இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் செருகக்கூடியது, அதுவும் பழசு, 5,500. டைனமிக் மைக் 2,800. காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் 2,400. மைக் ஸ்டாண்டு 800. கேபிள் இரண்டு 700. காற்றுத் தடுப்புக்குத் தையல்காரர் வைத்திருக்கும் எம்பிராய்டரி வளையம் ஒன்று, அதில் இழுத்துக் கட்ட பழைய நைலான் துணி, 60. அறைக்குப் போர்வை, கயிறு, ஆணி எல்லாம் சேர்த்து 1,900. பதிவைச் சேமிக்க ஹார்டு டிஸ்க் 3,600. மொத்தம் 28,760 ரூபாய். நான் வாங்கிய காலத்து விலை இது. இன்று கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் இருந்தால் செலவு பதினெட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு, முதலில் மைக் வாங்குவது. அதிலும் பார்க்க அழகாக இருக்கிறதென்று கண்டென்சர் மைக் வாங்குவது. கண்டென்சர் மைக் நல்ல மைக்தான். ஆனால் அது எல்லாவற்றையும் கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருமுனை நாய், மேலே ஓடுகிற ஃபேன், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, எல்லாம் பாட்டோடு சேர்ந்து வரும். நம் வீடுகளுக்கு டைனமிக் மைக்தான் பொருத்தம். மேடையில் பாடகர்கள் கையில் பிடிப்பார்களே, அந்த வகை. அது தனக்கு நேரே, கிட்டத்தில் இருப்பதைத்தான் நன்றாகப் பிடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் முதல் ஒரு சாண் வரை இடைவெளி வைத்துப் பாடுங்கள். ரொம்பக் கிட்டே போனால் குரலில் அடிக்கட்டை கூடி அமுங்கும். கொஞ்சம் விலகினால் சரியாகிவிடும்.

மைக்குக்கு முன்னால் அறையைப் பாருங்கள். நடு அறையில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். ‘கிர்ர்’ என்று ஒரு வால் நீளும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்துபோல அடிபட்டு வருவதால் வருகிற வால் அது. சிமெண்டுச் சுவர், சிமெண்டுத் தரை, மேலே கான்கிரீட் என்றால் இது கட்டாயம் இருக்கும். அதற்குத் தரையில் பாய் விரியுங்கள். பாடுகிறவருக்குப் பின்னாலும் இரண்டு பக்கத்திலும் கயிறு கட்டிக் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்து நின்று பாடுங்கள். என் முதல் பதிவுகள் அப்படித்தான் எடுத்தேன். முட்டை அட்டையை ஒட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதனால் பெரிய பயன் இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்துதான். மெல்லிய ஸ்பாஞ்சும் உச்சத்தில் இருக்கும் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு அடிச் சத்தத்தை அப்படியே விட்டுவிடும். பின்னால் கையில் காசு வந்தபோது இரண்டு அங்குல ராக்வுல் பலகையை மரச்சட்டத்தில் வைத்து, மேலே பருத்தித் துணி சுற்றி மாட்டினேன். அதன் தூசி மூச்சில் போகக் கூடாது. துணியை விலகாமல் சுற்ற வேண்டும்.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். போர்வை உள்ளே இருக்கும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியே இருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் கதவும் வேண்டும், அது நம் பட்ஜெட்டில் இல்லை. அதற்கு நான் கண்ட வழி, தெருவிடம் சொல்லிவிடுவது. “இன்னைக்கு ராத்திரி பத்தரைக்குப் பெரியம்மா பாடப் போறாங்க” என்று சொன்னால் எங்கள் தெருவில் டிவி சத்தம் தானாகக் குறையும். பையன்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எந்தப் பெரிய ஸ்டுடியோவுக்கும் கிடைக்காத வசதி இது.

மின்சாரம் ஒரு தொந்தரவு. தொகுப்பு வீடுகளில் எர்த் பெரும்பாலும் சரியாக இருக்காது. லேப்டாப் சார்ஜரைச் செருகினதும் ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் கோளாறு எர்த்தில்தான். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் பதிவு முடியும்வரை நிறுத்துங்கள். முடிந்ததும் ஃபிரிட்ஜைப் போட மறக்காதீர்கள். நான் மறந்து, இட்லி மாவு பொங்கி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். பல டிராக் வைத்து வேலை செய்ய ஆர்டோர் இருக்கிறது, லினக்ஸில் நன்றாக ஓடும். ரீப்பரை இரண்டு மாதம் சும்மா பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம், மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலை குறைவு. திருட்டு மென்பொருள் போடாதீர்கள். அதோடு வருகிற வைரஸ் ஒரு வருடப் பதிவை ஒரே நாளில் அழித்துவிடும். பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கிற மாதிரி அளவைத் திருகுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். அளவு மீறி உடைந்துபோனதை யாராலும் ஒட்ட முடியாது. ஒரு மைக்கில் இந்தக் கணக்கில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி பக்கம்தான் ஆகும். இடத்துக்குப் பயந்து எம்பி3யில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

ஸ்பீக்கர் எங்கே என்று கேட்பீர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஸ்பீக்கர் பொய் சொல்லும். ஒரு மூலையில் அடிச் சத்தம் பூதமாகக் கேட்கும், இரண்டடி நகர்ந்தால் காணாமல் போகும். ஹெட்போனில் கலவை செய்யுங்கள். பிறகு ஆட்டோவில், டீக்கடையில், சாதாரண போனில் போட்டுக் கேளுங்கள். நம் மக்கள் அங்கேதானே கேட்கப் போகிறார்கள்.

அடுத்து பறை. சின்ன அறைக்குள் பறையை அடித்தால் பதிவு பாழ். அந்த அடி சுவரெல்லாம் மோதி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, சிம்புக்குச்சியின் வெட்டும் அடிக்குச்சியின் உருட்டும் பிரியாமல் குழம்பிவிடும். எத்தனை போர்வை கட்டினாலும் போதவில்லை. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கள் குழுவின் மூத்த ஆட்டக்காரர்தான் ஒருநாள் சலித்துப்போய், “எடத்த மாத்துடா. இது ஊட்டுக்குள்ள அடிக்கிறதா?” என்றார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வற்றிய ஏரிக்குள் போனோம். சுவர் இல்லை, எதிரொலி இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டது. மைக்கில் காற்று அடிக்காமல் இருக்க ஸ்பாஞ்சு உறை மாட்டி, பறைக்கு நேரே வைக்காமல் ஆறடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தேன். பனியில் தோல் தொய்யும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினோம். நெருப்பு வெடிக்கிற சத்தம் பதிவில் விழாமல் இருக்க அதைத் தூரத்தில் மூட்டினோம். அன்றைக்கு எடுத்த பதிவுதான் இன்றுவரை என்னிடம் இருப்பதில் சிறந்தது. தோலை உள்ளே கொண்டு வராதே என்றவர்களின் ஸ்டுடியோவில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஏரிக்கு வாடகை கிடையாது.

பதிவு செய்த பிறகு கணினி நம்மைச் சோதிக்கும். சுருதியைத் தானாகத் திருத்துகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஒரு ஒப்பாரியை அதில் போட்டுப் பார்த்தேன். ஒப்பாரியில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலில்தான் அழுகை இருக்கிறது. மென்பொருள் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி வெட்டிவிட்டது. பாடியவர் கேட்டுவிட்டு, “இது யாரு?” என்றார். இரைச்சல் நீக்கியைப் போட்டால் விம்மலும் மூச்சும் சேர்ந்து போகும். தாளத்துக்கு என்று காதில் மெட்ரோனோம் டிக்டிக் விட்டால் பறை ஆட்டக்காரரின் கால் தடுமாறும், ஏனென்றால் அடி வேகம் பிடிப்பதும் தணிவதும் ஆட்டத்தோடு சேர்ந்தது. இந்தக் கருவிகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. கானாவுக்கும் ராப்புக்கும் நானே பயன்படுத்துகிறேன். ஆனால் நம் பாட்டைத் திருத்த வேண்டிய பிழையாகப் பார்க்கிற காது ஏற்கெனவே ஊரில் நிறைய இருக்கிறது. அந்தக் காதை நாமும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. இனிமேல் சொல்லப் போவது நான் செய்த தவறு.

2019இல் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் இறந்துபோனான். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி வேலைக்குப் போனவன். அவன் அம்மா பாடிய ஒப்பாரியை நான் பதிவு செய்தேன். துக்க வீட்டில், ஓரமாக உட்கார்ந்து. யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு வலிமையான ஒரு பாட்டை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஆயாவைத் தவறவிட்டேன், இவரைத் தவறவிடக் கூடாது என்ற வேகம். ராத்திரியே கலவை செய்து மறுநாள் யூடியூபில் ஏற்றிவிட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள், பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பாட்டுக்குள் முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, யார் திட்டினது எல்லாம் பேரோடு இருந்தது. ஒப்பாரி அப்படித்தான் இருக்கும். ஒரு வாரத்தில் சூளைத் தரப்பு ஆட்கள் அந்த அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கணவரும் இல்லாத, மகனும் போய்விட்ட பெண் அவர். நாங்கள் பத்துப் பேர் போய் நின்ற பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் சொன்னதை மறக்க முடியாது. திட்டவில்லை. “நான் எம் புள்ளைக்கு அழுதேன் தம்பி. டீக்கடையில வச்சி கேக்குறாங்க. நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றார். அன்றே பாட்டை எடுத்துவிட்டேன். எடுத்தாலும் அதற்குள் எத்தனை போனில் அது இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு அந்த ஸ்டுடியோ தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். அவர்கள் எங்களிடம் படிக்கத் தெரியாத தாளிலாவது ஒரு கையெழுத்து வாங்கினார்கள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. கருவி நம் கைக்கு வந்துவிட்டாலே நியாயம் வந்துவிடாது தோழர்களே. மைக்கைப் பிடித்திருப்பவனுக்கும் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவே ஒரு மேல்கீழ் உண்டு. ஆண் மைக் பிடித்து, பெண் பாடும்போது அது இன்னும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து கற்றேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவர்தான் அந்த ஒலிப்பதிவின் தயாரிப்பாளர். அந்தப் பதிவின் உரிமை, வெளியான பிறகு அறுபது ஆண்டுகள் அவருக்கு இருக்கும். அதாவது நீங்கள் உங்கள் வீட்டில் பதிவு செய்தால் அந்த உரிமை உங்களுடையது. வேறு ஒருவர் அவர் செலவில் பதிவு செய்தால் அவருடையது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு, அது ஐம்பது ஆண்டுகள். பாட்டு வழிவழியாக வந்தது, எழுதியவர் யார் என்றே தெரியாது என்றாலும் பாடியவருக்கு அந்த உரிமை உண்டு. புதிதாகப் பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் 2012 திருத்தம் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்தாலும், அதிலிருந்து வருகிற ராயல்டியில் தங்கள் சமபங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆகவே ‘நிரந்தரம்’, ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொல் தாளில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பேனாவை மூடிவிட்டுத் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள்.

இப்போது எங்கள் பழக்கம் இது. பதிவுக்கு முன்னால் தமிழில் ஒரே ஒரு பக்கத் தாள். அதை வாசித்துக் காட்டுவோம். யார் பாடுகிறார், எதற்காக, யார் கேட்கலாம், இணையத்தில் ஏற்றலாமா கூடாதா, எந்தப் பெயர்களை நீக்க வேண்டும், பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் சம்மதத்தைத் தங்கள் குரலில் சொல்வார்கள். பதிவின் முதல் நிமிடமாக அதுவே இருக்கும். முடிந்ததும் அவரைக் கேட்கவைப்போம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பின்னால் மனம் மாறினாலும் எடுத்துவிடுவோம். மூலப்பதிவின் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கு பென்டிரைவில் போகும். ஒன்று என்னிடம் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் ஒரு தோழர் வீட்டில். மழைக்கும் வெள்ளத்துக்கும் முதலில் பலியாவது நம் தெருதான் என்பதால் மூன்றையும் ஒரே ஊரில் வைப்பதில்லை.

ஸ்டுடியோவும் இப்போது என் வீட்டு மூலையில் இல்லை. எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கினோம். பகலில் பிள்ளைகள் படிக்கிறார்கள், இரவில் பதிவு நடக்கிறது. போர்வைகள் தெருவில் பத்து வீட்டிலிருந்து வந்தவை. சாவி இரண்டு, ஒன்று மகளிர் குழுவிடம். கடன் அவர்களுடையது என்பதால் அவர்கள் கேட்டார்கள், கொடுத்தோம். மகளிர் குழு சாவி வைத்திருக்கத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் தாங்களாக வந்து பாட ஆரம்பித்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் பதிவு செய்யவும் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஒப்பாரிப் பதிவுக்கு நான் அறைக்குள் போவதில்லை. அவர்கள்தான் போகிறார்கள்.

போன மாசியில் அந்த அம்மா படிப்பகத்துக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு பெயரை மாற்றச் சொன்னார். மகன் பெயரை மட்டும் இருக்கட்டும் என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிவு இணையத்தில் இல்லை. அவர் வீட்டில் இருக்கிறது. அவருடைய பேத்தி பெரியவளாகி வந்து கேட்கிற அன்று அது இருக்கும்.

என் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் ஆயா குரல் இல்லை. உங்கள் வீடுகளில் ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்குப் போனதும் மைக் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டைப் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். சரி என்று சொன்னால், போர்வையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.